சகலை பிடுங்கிய செடி

எங்கள் வாசல் பாத்தியில் பகல் முழுக்க வெயில். அங்கே பூச்செடி வைக்கும் பொறுப்பை இனி நானே ஏற்பதாக வீட்டில் அறிவித்தேன். கையில் மண் படாமல் பூ பூக்க வேண்டும், அவ்வளவுதான் என் கொள்கை.

“கவனிக்க ஆளில்லாமலே வளரணும். என்னை மாதிரி.”

“உங்கள மாதிரின்னா பதினோரு மணிக்கே சாஞ்சு படுத்துக்கும்,” என்றாள் மனைவி. “நித்தியகல்யாணி வைங்க. வெயில் தாங்கும். தண்ணி ஊத்த மறந்தாலும் கோவிச்சுக்காது.”

“கல்யாணமே போதும். நித்தியம் வேறயா?”

அவள் சிரிக்கவில்லை. நான் தனியாக நர்சரிக்குப் போனேன். பெயர் வாயில் நுழையாத ஒரு நீலப் பூ கண்ணைப் பறித்தது.

“அது நிழல்ல வைக்கற செடி சார்,” என்றார் நர்சரிக்காரர்.

“வெயில்ல வெச்சா பழகிக்கும்.”

பழகவில்லை. வாங்கி நட்ட அத்தனையும் ஒரே வாரத்தில் துடைப்பக் குச்சியாக நின்றன. அதற்குள் நான் சகலையிடம் போனில் என் தோட்டத்தை ஏக்கர் கணக்கில் அளந்துவிட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மச்சினியோடு வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மனைவி கடைக்குப் போன சமயம், அதே நீலப் பூவை மறுபடி வாங்கிவந்து, தொட்டியோடு புதைத்து, மேலே மண்ணை இழுத்து மூடினேன். அவள் திரும்பி வந்தாள். பாத்தியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“நகத்துல மண்ணு இருக்கு. கழுவிட்டு வாங்க.”

மறுநாள் சகலை வாயைப் பிளந்தார். நான் உரத்தைப் பற்றியும் வேரைப் பற்றியும் விளக்கிக்கொண்டே போனேன்.

“மாமா, எனக்கு ஒரு செடி குடுங்களேன்,” என்றாள் மச்சினி.

“இப்ப பிடுங்கினா வேர் பயந்துடும்மா.”

சகலை அதற்குள் குனிந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டார். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி முழுசாக வெளியே வந்தது. மண் உதிர்ந்தது. மிச்சமிருந்த என் மரியாதையும் கூடவே உதிர்ந்தது. செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“உங்களுக்குன்னே தொட்டியோட வெச்சிருக்கார்,” என்றாள் மனைவி, ரொம்பச் சாதாரணமாக. “எடுத்துட்டுப் போக சுலபமா இருக்கும்ல. எல்லாத்தையும் எடுத்துக்கோங்க.”

சகலை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கார் தெருமுனை திரும்பியதும் மெதுவாகச் சொன்னேன். “மானத்தைக் காப்பாத்திட்ட.”

“வெள்ளிக்கிழமை செத்துக் கிடந்தது சனிக்கிழமை பூத்தா எனக்குத் தெரியாதா?”

“இனிமே இந்தப் பாத்தி உன் இஷ்டம்.”

“ஆமா, நானே பாத்துக்கறேன். உங்களுக்கு நேரம் இருக்காது. அவங்க வாசல்லயும் வெயில்தான். ஞாயித்துக்கிழமையெல்லாம் நீங்க வந்து மண்ணு கொத்திக் குடுப்பீங்கன்னு தங்கச்சிகிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன்.”