பெரட்டு அக்காவின் சுண்டுவிரல்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் ஒரே காலையில் இரண்டு பெரட்டு பார்த்த தொழிலாளி பெரட்டு அக்கா ஒருவர்தான். பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவது. தோட்டத்தில் வேலை வாங்கும் கங்காணி நடத்துவது இரண்டாவது. முதலாவது, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அக்கா தன் மூட்டுகளுக்கு நடத்துவது.

லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவும் அவருடையதும் ஒட்டியவை. நடுச்சுவர் கூரைவரை போகவில்லை. பதுளையில் பத்திரிகை வேலையில் சேர்ந்த பிறகு, லீவில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கு அலாரம் தேவைப்பட்டதில்லை.

"பெருவிரலு!"

"இருக்கேங்க."

"ஆள்காட்டி!"

"இருக்கேங்க."

"முழங்காலுத் தொரை!"

பதில் இல்லை.

"தொரைமாரு என்னைக்கு நேரத்துக்கு வந்தாங்க? வாறப்ப வரட்டும்."

கேள்வியும் பதிலும் ஒரே தொண்டைதான். பதில் சொன்ன விரல் வெந்நீர்ச் சட்டிக்குள் மெல்ல மடங்கி நிமிரும்.

முடக்குவாதம். முதலில் லயமே வைத்தியம் பார்த்தது. ஒருவர் எண்ணெய் கொடுத்தார். இன்னொருவர் கத்தரிக்காயைத் தடை செய்தார். மூன்றாமவர் கட்டிலைத் திசை மாற்றிப் போடச் சொன்னார். கட்டிலைத் தள்ளியதில் மணிக்கட்டு இன்னும் வீங்கியது. அதன் பிறகுதான் அக்கா டவுன் ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனார்.

"கொழுந்து பறிச்சுத் தேஞ்சு போச்சுன்னு நெனச்சோம் தம்பி. அது இல்லையாம். ஒடம்புக்குக் காவல் போட்ட வாச்சரே நம்ம ஆளுங்கள அடிக்கிறானாம். கள்ளன அடிக்கச் சொன்னா வீட்டுக்காரன அடிக்கிறான்."

எந்த மருத்துவக் கட்டுரையையும் நான் இவ்வளவு சிக்கனமாக வெட்டியதில்லை.

மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடித்தன. கை லேசானதும் அக்கா மாத்திரைக்கு லீவு கொடுத்துவிட்டார். "வேல முடிஞ்ச ஆளுக்கு எதுக்குச் சம்பளம்?"

அடுத்த மழைக்காலத்தில் விரல்கள் எல்லாம் வேலைநிறுத்தம் செய்தன. சேலைக் கொசுவம் பிடிக்க முடியவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்திக் குடித்தார். கிளினிக்கில் ஏச்சு வாங்கித் திரும்பி, மாத்திரையை மறுபடி வேலைக்குச் சேர்த்தார். வீக்கம் மெல்ல இறங்கியது. இடது சுண்டுவிரல் மட்டும் மடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. அது இனி நிமிராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சிக்கல் தோட்டத்துப் பெரட்டில் வந்தது. மாத்திரை போட்டாலும் காலையில் விரல்கள் இளக நேரமாகும். அக்கா பிந்துவார். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. நான் லீவில் வந்து அக்காவோடு பெரட்டுக்குப் போயிருந்த ஒரு காலை, கங்காணி எல்லார் முன்னிலையிலும் கத்தினார்.

"இன்னொரு நாளு பிந்தி வந்தே, பேர வெட்டிப்புடுவேன்!"

செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் பெயர் வெட்டுப்பட்டால் வேலை போகும். வேலை போனால் காம்பராவும் நிச்சயமில்லை. நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். அக்கா பார்க்கவில்லை.

"அண்ணே, மொதல்ல என் பெரட்டு முடியணும். அப்புறந்தான் ஒங்க பெரட்டு."

"ஒனக்குன்னு தனிப் பெரட்டா?"

"ஆமாங்க. ஒங்க ஆளுங்க நடந்து வாறாங்க. என் ஆளுங்க இன்னும் படுத்துக் கெடக்காங்க. இந்தா, எழுப்பிப் பாருங்க."

இரண்டு கைகளையும் நீட்டினார். சிரித்த பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். கங்காணி ஒரு விரலைத் தொட்டார். தொட்ட வேகத்தில் கையை எடுத்துக்கொண்டார்.

"என்னா இப்புடிச் சுடுது?"

"வாச்சர் அடிக்கிறான்ல."

கங்காணிக்கு அது விளங்கியதோ என்னவோ, "வெயில் ஏறின பொறவு வா. கொழுந்து மட்டும் கொறையக் கூடாது" என்றார்.

சில நாள் குறையத்தான் செய்தது. அன்றெல்லாம் பக்கத்து நிரைப் பெண்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை அக்காவின் கூடையில் போடுவார்கள். கங்காணி அந்த நேரம் பார்த்து மலையை ரசிப்பார். அதற்கு முன் அவர் எதையும் ரசித்து யாரும் கண்டதில்லை.

பெயர் இன்றும் செக்ரோலில் இருக்கிறது.

போன மாதம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். விடியலில் பெரட்டு தொடங்கியது. கடைசிப் பெயர்: "சுண்டுவிரலு!" வெகுநேரம் பதில் இல்லை.

நான் சுவருக்கு மேலாகக் கேட்டேன். "அது வராதுன்னு டாக்டரே சொல்லிட்டாருல்ல அக்கா? பொறவு எதுக்குக் கூப்பிடுறீங்க?"

"வராட்டி என்னா தம்பி? அதுக்காகப் பேர வெட்டிருவேனா?"

மறுநாள் காலை அந்தப் பெயர் வந்தபோது, சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான்தான் சொன்னேன்:

"இருக்கேங்க."