மச்சானின் மீன் லாரி

மாநில மீன்வளத் துறையில் மீன்குஞ்சு லாரிக்குப் பொறுப்பாளரும், என் மனைவி மார்லிஸின் உடன்பிறந்த தம்பியுமான திரு. டுவெய்ன் ஓல்ஸ்டட் அவர்களுக்கு, ஸ்பூன் ஏரிக்கரையிலிருந்து ஹார்லன் தோர்சன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் அக்காவும் நலம் என்று அவளே சொல்லிக்கொள்கிறாள். ஏரிதான் நலமாக இல்லை. இது அரசாங்கத்துக்கு எழுதும் கடிதம் என்பதால் மரியாதையாகத் தொடங்கியிருக்கிறேன். எவ்வளவு தூரம் தாங்கும் என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். வருகிற இலையுதிர் காலத்தில் எங்கள் ஏரிக்கு லாரி அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை ஏரிச் சங்கக் கூட்டத்தில், தலைவர் என்ற முறையில் நானே எழுந்து இதைச் சொல்லப்போகிறேன். லாரி கேட்டு வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவனும் நான்தான் என்று யாராவது ஞாபகப்படுத்துவார்கள். படுத்தட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் லாரி வந்த நாளை மறந்திருக்க மாட்டீர்கள். சங்கத்துப் பெண்கள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷும் காபியும் கொண்டுவந்தார்கள், பாதிரியார் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபத்தை ஆரம்பித்தார், நீங்கள் குழாயைத் திறந்தீர்கள், விரல் நீள வால்ஐ மீன்குஞ்சுகள் வெள்ளிக்காசு மாதிரி தண்ணீரில் விழுந்தன, எங்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரைத் துடைப்பதற்குள் லூன் பறவைகள் வந்துவிட்டன. பாதிரியார் ஆமென் சொல்வதற்குள் பாதிக் குஞ்சு பறவைகளின் வயிற்றில். மீதியில் பாதியைக் கரையோரப் பெரிய மீன்கள் பார்த்துக்கொண்டன. பாதிரியார் மட்டும் விடாமல் ஜெபத்தை முடித்தார்.

அதற்கப்புறம் துறையின் இணையதளத்தில் ‘மீன் விடப்பட்ட ஏரிகள்’ வரிசையில் எங்கள் பெயர் வந்தது. நகரத்திலிருந்து படகுகள் கிளம்பி வந்தன. படகு என்றா சொன்னேன்? ஒவ்வொன்றும் ஒரு பஸ். ஒன்று மார்லிஸின் தூண்டிலை, அதைச் செருகியிருந்த வளையத்தோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று எந்த ஏரியிலிருந்தோ அடியில் களையை ஒட்டவைத்துக்கொண்டு வந்து எங்கள் தண்ணீரில் நட்டுவிட்டுப் போனது. இப்போது என் படகுத்துறையைச் சுற்றிப் புல்வெளி.

சரி, தப்பிப் பிழைத்த வால்ஐ என்ன செய்தது? பெர்ச் என்ற சின்ன மீனின் குஞ்சுகளைத் தின்றது. டுவெய்ன், உன் அக்காவுக்கு பெர்ச் என்றால் என்னவென்று உனக்கா சொல்ல வேண்டும்? (பார்த்தாயா, மரியாதை போய்விட்டது.) சாயங்காலம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு புழு, ஒரு காபி, வாளி நிறைய பெர்ச் என்று இருந்தவள், இந்தக் கோடை முழுவதும் வெறும் வாளியோடு எழுந்து வருகிறாள். வெள்ளிக்கிழமை வறுவலுக்குக் கடையிலிருந்து உறைந்த மீன் வாங்கி வந்தேன். ஒரு வாய் தின்று தட்டைத் தள்ளி வைத்தாள்.

“பெர்ச் இல்லாத ஏரில எனக்கென்ன வேலை? அரிசோனாவுல எங்க பெரியக்கா வீட்டுப் பக்கத்துல வீடு காலியா இருக்காம். அங்க பனி வாரவும் வேண்டாம்” என்றாள்.

“அங்க ஏரி இல்லையே மார்லிஸ்.”

“இங்க மட்டும் என்ன வாழுதாம்?”

மறுநாள் பரணிலிருந்து அட்டைப்பெட்டிகள் இறங்கின. கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றத் தொடங்கிவிட்டாள். இந்த ஏரியை விட்டு என்னால் எங்கும் போக முடியாது டுவெய்ன். அவள் இல்லாமல் இங்கே இருக்கவும் முடியாது. வீட்டில் சொல்ல வராததை அரசாங்கத்துக்கு எழுதுகிறேன்.

ஆத்திரத்தில் அன்றைக்கு உனக்குப் போன் செய்தேனே, நீ என்ன சொன்னாய்? “அத்தான், நாங்க விடுற குஞ்சுக்கெல்லாம் ஒரு துடுப்ப வெட்டித்தான் விடுறோம். வலை போட்டுப் பாத்தா துடுப்பு வெட்டினது ஒண்ணு ரெண்டுதான் மாட்டுது. உங்க ஏரில வால்ஐ தானாவே பெருகும். ஜனங்க லாரி கேக்குறாங்க, நாங்க லாரி அனுப்புறோம்” என்றாய். இதைக் குழாயைத் திறப்பதற்கு முன்னால் சொல்லித் தொலைப்பதற்கென்ன? பள்ளிக்கூடத்துக் குளத்தில் நீ டிரவுட் மீன் விடுகிறாய், அங்கே எதுவும் தானாகப் பெருகாது, பிள்ளைகள் பிடித்துச் சந்தோஷப்படுகிறார்கள், அது நல்ல காரியம். எங்கள் ஏரிக்கு நீங்கள் செய்வது, சாப்பிட்டு எழுந்தவனைப் பிடித்து உட்கார வைத்து ஊட்டுவது. அடுத்த வீட்டு வெர்னிடம் இதைச் சொன்னால், “லாரி வரலேன்னா அப்புறம் சங்கம் எதுக்குய்யா?” என்கிறான். அவனுக்கு மீன் கிடைக்காவிட்டாலும் லாரி வர வேண்டும்.

ஆகவே லாரி வேண்டாம். இது உறுதி. உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். கர்த்தர் உங்களையும் உங்கள் லாரியையும் வேறு ஏரிக்கு வழிநடத்துவாராக.

இப்படிக்கு,
ஹார்லன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது படகுத்துறையில் கூச்சல். ஓடிப் போனேன். மார்லிஸ் நாற்காலியோடு சாய்ந்து கிடக்கிறாள், மடியில் அவள் கை நீளத்துக்கு ஒரு வால்ஐ. “என் தம்பி விட்ட மீனு, பாருங்க” என்று சிரிக்கிறாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. உடனே அரிசோனாவுக்குப் போன் செய்து, “தம்பி மீனு வளர ஆரம்பிச்சிருச்சுக்கா, இப்ப போய் எப்படி வர்றது?” என்றாள். கோப்பைகள் அலமாரிக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. மீனைக் கழுவ நான்தான் எடுத்துப் போனேன். வயது பத்துக்குக் குறையாது. துடுப்பு ஒன்றுகூடக் குறையவில்லை. உன் லாரியில் வந்ததே இல்லை அது, எங்கள் ஏரியிலேயே பிறந்து வளர்ந்த மீன். சமையலறைக் கத்தரிக்கோலால் ஒரு துடுப்பை வெட்டிவிட்டேன். சனிக்கிழமை கூட்டத்தில் காட்டுவதற்காக ஐஸ் பெட்டியில் இருக்கிறது. கூட்டத்துக்கு நீ வந்தால், வெட்டு புதிது என்று பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிடும், வாயைத் திறக்காதே. மேலே எழுதியது எதையும் நான் எழுதவில்லை. இலையுதிர் காலத்தில் லாரியை நீயே ஓட்டிக்கொண்டு வா, அவள் காபி போட்டு வைத்திருப்பாள். மீன் இல்லை என்றால் வெறும் தண்ணீரையாவது கொண்டுவந்து கொட்டு.