ஐந்தாம் பெட்டி களவுபோன விவரம்

பனவிளை,
ஜூலை 11.

கர்த்தருக்குள் பிரியமான மகன் அபினேசுக்கு அப்பா ஜெயசிங் எழுதுவது. நீயும் பிரீனாவும் பிள்ளையும் மஸ்கட்டில் சுகமாயிருக்கக் காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். நடுவில் கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டுத் தங்கையனுக்கு விரோதமாகவும் ஜெபிக்கவேண்டியிருக்கிறது. போனில் பேசினால் டூட்டி என்று பாதியில் வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்கமுடியாது. என் கண்ணாடி உடைந்துவிட்டதால் நான் சொல்லச் சொல்ல நம் சபை உபதேசியார் சுயம்புராஜ் எழுதுகிறார். மற்றபடி என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

விஷயம் இதுதான். என் ஐந்தாம் தேன்பெட்டியைத் தங்கையன் களவாண்டுவிட்டான். நீ அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டு அவன்மேல் கேஸ் எழுத வைக்கவேண்டும். வேலிச் சண்டைக்குப் பிறகு ஒன்பது வருஷமாக அவனோடு பேச்சில்லை, ஆனாலும் இவ்வளவு தூரம் போவான் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் அவன் என் ஈக்களின் புத்தியைக் கெடுத்தான். தேனீயைப்போலப் பாடம் படிக்கிற ஜீவன் கிடையாது மக்களே. குஞ்சு ஈ முதல்முதலாக வெளியே வரும்போது நேரே பறந்து போய்விடாது, திரும்பி நின்று பெட்டியைப் பார்க்கும். இடமும் வலமுமாக ஆடி ஆடிப் பின்னாலேயே போய், வாசல் எங்கே, பக்கத்தில் என்ன மரம், என்ன கல் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் ஏற்றிக்கொண்டு, வட்டத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அப்புறம்தான் ரப்பர் தோட்டம் பக்கம் போகும். அதற்குப் பிறகு ஒரு மைல் போனாலும் தன் வாசலில் வந்து இறங்கும். அது மனதில் வைப்பது பெட்டியை அல்ல, பெட்டி இருந்த இடத்தை. நாற்பது வருஷமாக நான் பார்க்கும் காரியம் இது. இப்போது என்ன நடக்கிறது தெரியுமா, எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியைத் தாங்கும் மரக்காலுக்கடியில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவப் பெட்டியை இறக்கி, கழுவி, மறுபடி அதே காலில் ஏற்றி வைக்கிறேன், பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினால் ஈயெல்லாம் நாலடி தள்ளி வேறெங்கோ இரைகிறது. கையை நீட்டிப் பார்த்தால் அங்கே ஒரு வெறும் கால் நிற்கிறது, அதில் மொய்க்கிறது. இமையில் மூன்று கொட்டு வாங்கினேன். ஏதோ மருந்து தெளித்திருக்கிறான்.

அதோடு விடவில்லை. சாயங்காலம் ஈ அடங்கின பிறகு வந்து பெட்டிகளை இடம் மாற்றுகிறான். காலையில் நான் வைத்த இடத்தில் கை வைத்தால் பெட்டி இருப்பதில்லை. திங்கட்கிழமை ஒளிந்திருந்து என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டேன். அவன் இருமினான், அது அவன் இருமலேதான். “ஆருலே அது?” என்று கேட்டேன். வேலியைத் தாண்டிப் போய்விட்டான்.

ஊரில் எனக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு பேச்சைக் கிளப்பி விட்டிருப்பதும் அவன்தான். அதற்கு இரண்டு கதை சொல்கிறார்களாம், நீ நம்பாதே. போன மாதம் வீட்டுப் பூட்டில் சாவி நுழையவில்லை, குளவி மண் வைத்து அடைத்துவிட்டது என்று குச்சியால் கால் மணிநேரம் குடைந்துகொண்டிருந்தேன். உள்ளே இருந்து எதிர்வீட்டு எலிசா கதவைத் திறந்து, “மாமா, இது எங்க வீடுல்லா?” என்றாள். எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரிக் கதவு வைத்தால் யார்தான் என்ன செய்வார்கள்? இரண்டாவது, உன்னோடு படித்த ரெஜினின் அப்பா தவறின வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். பந்தல் போட்டிருந்தது, நாற்காலி போட்டிருந்தது, கூட்டம் இருந்தது. வீட்டுக்காரர் கையைப் பிடித்து, “கர்த்தர் கொடுத்தாரு, கர்த்தர் எடுத்தாரு, மனசு விட்டுராதீங்க” என்று சொல்லி ஒரு நீண்ட ஜெபமும் செய்தேன். ஆமென் சொன்ன பிறகுதான் அது பக்கத்துத் தெரு நிச்சயதார்த்தம் என்று தெரிந்தது. பெண் அழுதுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். சாவுக்கும் நிச்சயத்துக்கும் ஒரே துணியைக் கட்டுகிற பந்தல்காரனை யாரும் கேட்கவில்லை. (உவதேசியாரே, இத எழுதாண்டாம்.)

வீடியோ காலில் நான் சுவரைப் பார்த்துப் பேசுகிறேன் என்று பிரீனா சொன்னாளாமே. அதுவும் இந்தப் பேச்சின் பலன்தான். கண் போச்சு என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் நீ மறுநாளே பெட்டிகளை விற்று, என்னை உன் நாகர்கோவில் பிளாட்டில் நாலாவது மாடியில் கொண்டு வைப்பாய். அங்கே நான் எதைப் பிடித்து, எந்தப் பக்கம் நடப்பேன்? எனக்குப் பயமாயிருக்கிறது மக்களே. ஆனால் கேஸ் விஷயம் வேறு.

புதன்கிழமை ஐந்தாம் பெட்டியைக் காணவில்லை. தடவாத இடமில்லை. வேலிக்கு இப்புறம் நின்று கத்தினேன், “லே தங்கையா, எனக்க பெட்டி எங்கலே?” ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவன் வாயைத் திறந்தான். “ஆமா அண்ணே, நான்தான் எடுத்தேன்.” இதைவிட என்ன சாட்சி வேண்டும்? உடனே போன் போடு.

வெயிலில் வேலை செய்கிற உன்னைக் கர்த்தர் நிழலில் வைத்துக் காப்பாராக. பேரப்பிள்ளைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
பூரண கண் பார்வையுள்ள உன் அப்பா,
ஜெயசிங்.

பி.கு.: தம்பி, இது உபதேசியார் சுயம்புராஜ். மேலே உள்ளதை ஒரு சொல் விடாமல் எழுதி, அப்பாவுக்கு வாசித்தும் காட்டினேன். இதை வாசித்துக் காட்டவில்லை. கண்ணாடி உடையவில்லை, அலமாரியில்தான் இருக்கிறது, போட்டும் பிரயோஜனமில்லை. போன மாதம் சுகர் பார்க்க என்று சொல்லி நாகர்கோவிலில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வலது கண் முழுதும் போய்விட்டது. இடது கண்ணில் மங்கலாக ஒரு சிறு வட்டம் இருக்கிறது, ஜூலை முடிவதற்குள் ஆபரேஷன் செய்தால் அந்த வட்டமாவது மிஞ்சும் என்றார். உன்னிடம் சொல்லக்கூடாதென்று அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டார், அதை இப்போது மீறுகிறேன்.

ஈக்களுக்குப் புத்தி கெடவில்லை. அப்பா பெட்டியைத் துணி துவைக்கிற கல்லில் வைக்கிறார், விறகுமேல் வைக்கிறார். ஈ தன் இடத்துக்குத்தான் வருகிறது. அவை சாகாமலிருக்கத் தங்கையன் தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு வந்து ஒவ்வொரு பெட்டியையும் அதனதன் காலில் திருப்பி வைக்கிறான். புதன்கிழமை அப்பா ஐந்தாம் பெட்டியைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டார். அது உள்ளே விழுந்துவிட்டது. தங்கையன் கயிறு கட்டி இறங்கி எடுத்தான், உள்ளே இருந்த ஈ ஒன்றும் பிழைக்கவில்லை. ஏன் பழியை ஏற்றாய் என்று கேட்டேன்.

“பெட்டிய நான் எடுத்தேன்னு சொல்லியாச்சு, அது போட்டும். நாளைக்கு அவரே விழுந்தா, நான் என்னத்தச் சொல்லுவேன் உவதேசியாரே?” என்றான்.