ஒன்று இல்லாத எண் புத்தகம்

உலகத்தில் எத்தனையோ பேர் எதையெதையோ ஒழித்திருக்கிறார்கள். ‘ஒன்று’ என்ற எண்ணையே ஒழித்தவர் சித்தூர் ஜில்லாவில் ஒருவர்தான். எல்லோருக்கும் அவர் ‘லாபம்’. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் காய் எண்ணுகிறவர் அவர். முதல் காயைக் கையில் எடுத்து ‘ஒன்று’ என்றால் வியாபாரம் விளங்காதாம். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ண வேண்டும். மண்டியில் எல்லோரும் செய்வதுதான். இவர் மண்டியை விட்டு வெளியே வந்தும் நிறுத்தவில்லை. பஸ் ஏறினால், “திருப்பதிக்கு லாபம் டிக்கெட் குடு” என்பார். கண்டக்டரோடு சண்டை திருப்பதி வரைக்கும் நடக்கும்.

மாங்காய்ப் பருவம் முடிந்தால் வடமாலபேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்துவிடுவார். அங்கே நான் தற்காலிக வாத்தியார். எங்கள் வம்சத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள். தற்காலிகம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, மகனுக்கு சர்க்கார் வேலை என்று நைனா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

எங்கள் ஊர் தமிழ் ராஜ்யத்தில் சேருமா தெலுங்கு ராஜ்யத்தில் சேருமா என்று பெரியவர்கள் அடித்துக்கொண்டிருந்த சமயம் அது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருவார் என்று தகவல் வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழில் இருபது வரை எண்ணினால் தமிழ்ப் பிரிவும் இருக்கும், என் வேலையும் நிரந்தரமாகும். இல்லையென்றால் இரண்டும் போகும்.

ஒரு மாதம் உட்கார்ந்து எண் படப் புத்தகம் ஒன்று போட்டேன். டிரெயினிங் பள்ளியில் பார்த்த சீமைப் புத்தகத்தை நினைவில் வைத்து, பக்கம் பக்கமாக ஆப்பிள். நான் ஆப்பிள் தின்றதில்லை. பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

“இன்னா சார் இது, தக்காளியா?” என்றாள் முன்வரிசை முனியம்மா.

ஜன்னல் வழியாக லாபம் எட்டிப் பார்த்தார். “இன்னா வாத்தியாரே, எல்லாம் ஒரே அச்சா கீது? ஒரு சொத்தை கூடவா இல்ல?”

நாலாம் நாள் அவரே ஒரு புத்தகத்தோடு வந்தார். ஊர் இந்தப் பக்கம்தான் என்று ஒரு கட்சியும் அந்தப் பக்கம்தான் என்று ஒரு கட்சியும் கொடுத்திருந்த நோட்டீஸ்களைக் கலந்து அடுக்கிச் சணலால் தைத்திருந்தார். பின்பக்கமெல்லாம் மஞ்சளாலும் கரியாலும் மாங்காய்கள். பக்கத்துக்கு ஒரு காயை அணில் கடித்திருக்கும். அது எது என்று தேடுவதற்குள் பிள்ளைகள் நாலு தரம் எண்ணிவிடும். எழுத்து கிடையாது, அவருக்கு எழுதத் தெரியாது. முதல் பக்கத்து ஒற்றை மாங்காய்க்கு வாயாலேயே பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் புத்தகத்துக்குப் பிள்ளைகள் முடியைப் பிடித்துச் சண்டை போட்டன. என் புத்தகத்தின் மேல் ஈர சிலேட்டைக் காயவைத்தன. எனக்கு வயிறு எரிந்தது. போகிற வழியில் இந்த மனிதர் தடுக்கி விழுந்தால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று அவர் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இன்ஸ்பெக்டர் தெலுங்குக்காரர். என் ஆப்பிளைக் காட்டி, “எண்ணு பாப்பா” என்றார். முனியம்மா ஆப்பிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“சார், அந்த புக்கு எங்க?”

வேறு வழியில்லை. பெட்டியைத் திறந்தேன்.

“லாபம், ரெண்டு, மூணு…” இருபது வரை ஒரே மூச்சு. கேட்காமலே அணில் கடித்த காயையும் காட்டினாள்.

“ஒண்ணு எக்கட?” என்றார் இன்ஸ்பெக்டர். ஒன்று எங்கே என்று நானும் முதல் பக்கத்தைப் புரட்டினேன்.

ஜன்னலில் லாபத்தின் தலை தெரிந்தது. “அய்யா, மொதல் காய்க்கு நம்பர் கெடையாது. அது சாமிக்கு சொல்றது.”

இன்ஸ்பெக்டர் குலுங்கிச் சிரித்தார். “மா நாயனா கூடா அந்தே” என்றார். அவர் அப்பாவும் நெல் அளக்கும்போது அப்படித்தான் தொடங்குவாராம். தமிழ்ப் பிரிவு தொடரலாம் என்று எழுதினார். “புக்கு யாரு போட்டது?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜன்னலிலிருந்து பதில் வந்தது. “நம்ம வாத்தியார்தான்.”

நான் மறுக்கவில்லை.

ஜீப் போன பிறகு, “ஏங்க அப்படிச் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“வேல உன்னுது. எனக்கு இன்னாத்துக்கு அது? மண்டியில புதுப் பருவத்துக் காய் எறங்கிக்கினு கீது” என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

வேலை நிரந்தரமாகிவிட்டது. பிள்ளைகள் இன்னும் அவரைத்தான் கேட்கின்றன. எனக்கு இன்னும் எரிகிறது. ஆனால் பருவம் முடிகிற நாளில் ஊர் முனையில் பஸ் நின்றால், இறங்குவது அவர்தானா என்று பார்க்க, பிள்ளைகளை விலக்கிக்கொண்டு பள்ளிக்கூட ஜன்னலுக்கு முதலில் ஓடுகிறவன் நான்தான்.