இருநூற்றைம்பது கோடித் துடிப்பு

புனே மகர்பட்டாவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அடுக்குமாடியின் கீழே கூடுகிற கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே, தேர்த் திருவிழா தோற்றுவிடும். எல்லாரும் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிற மகா புத்திசாலிகள். எல்லார் கையிலும் இதயத் துடிப்பு காட்டுகிற வாட்ச். அதை ஒட்டி ஒரு மஞ்சள் கயிறு.

கயிறு கட்டுகிறவர் துடிப்பு சுவாமி. போன வருஷம் வரைக்கும் வெறும் ஸ்வாமிநாதன், வீடு வீடாகப் போய்த் தண்ணி ஃபில்டர் விற்றவர். கடவுள் தலைக்கு இருநூற்றைம்பது கோடித் துடிப்பு அளந்து அனுப்பியிருக்கிறாராம். நடந்தாலும் ஓடினாலும் அது சீக்கிரம் தீருமாம். தீர்ந்தால் ஆள் காலி. கயிறு கட்டினால் துடிப்பு அடங்கும், ஆயுள் நீளும். எண்ணிப் பார்த்த மாதிரிதான் பேச்சு!

நம்பினவர்களில் என் வீட்டுக்காரர் டக்ளஸும் ஒருத்தர். இரண்டு மாதத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த மனுஷன். "தினம் அரை மணி நேரம் நடங்க, இல்லேன்னா மறுபடி இங்கதான் வருவீங்க" என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். இவரோ மூன்று வாரமாக சோஃபாவை விட்டு இறங்கவில்லை. தண்ணி குடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிட்டார்.

"துடிப்பை மிச்சம் பிடிக்கிறேன், ஆரோக்கியமணி."

எனக்குக் கோபம். அதைவிடப் பயம். இந்த மனுஷனைப் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்லை. அந்தச் சுவாமியை நேரிலேயே ஒரு கை பார்த்துவிடுவது என்று, ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியிருக்கிற கேம்ப் பகுதியிலிருந்து ஆட்டோ பிடித்து, அவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

சுவாமி அற்புதம் காட்டினார். தேஜஸ்வினி என்கிற மேனேஜர் பெண்ணை நாலு மாடி ஏறி இறங்கச் சொன்னார். வாட்சில் 170. கூட்டம் உச்சுக் கொட்டியது. கயிற்றைக் கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, ஐந்து நிமிஷம் கண்ணை மூடச் சொன்னார். பிறகு பார்த்தால் 105. கைதட்டலில் காது அடைத்தது.

"பாத்தீங்களா காகூ, இறங்கிடுச்சு" என்று ஹிந்தியில் சொன்னாள் தேஜஸ்வினி. காகூ என்றால் மராத்தியில் சித்தி.

"ஏம்மா, ஓடிட்டு வந்து உக்காந்தா இறங்காம ஏறவா செய்யும்?"

ஒருத்தர் காதிலும் விழவில்லை. நான் இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது மாடி வகுப்புக்கு ஏறி இறங்குகிற டீச்சர். கொண்டுபோயிருந்த பிஸ்கட் டப்பாவின் சணலை அவிழ்த்துக் கையில் கட்டினேன். தேஜஸ்வினியின் வாட்சை வாங்கிப் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறி இறங்கினேன். 142. ஐந்து நிமிஷம் உட்கார்ந்தேன். 84.

கூட்டம் சுவாமியைப் பார்த்தது.

"என் பார்வை பட்டதாலதான் இறங்கிச்சு" என்றார்.

"அப்படியா? உங்க கையில பதினோரு கயிறு இருக்கே. நீங்களே ஏறிக் காட்டுங்க."

கூட்டம் போனைத் தூக்கிப் படம்பிடிக்கத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் என் கையிலிருந்த வாட்சைக் கட்டிக்கொண்டு ஏறினார். இரண்டாவது மாடியிலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். வாட்சில் 178. வியர்வையில் விபூதி கரைந்து மூக்கில் வழிந்தது.

பின்னாலேயே லிஃப்டில் போயிருந்த டக்ளஸ் பக்தியோடு குனிந்து கேட்டார்: "இன்னொரு கயிறு கட்டட்டுமா சுவாமி?"

"கயிறாவது மண்ணாவது! டாக்டரைக் கூப்பிடுய்யா!"

டாக்டர் ஒருத்தர் வந்து பார்த்தார். ஒன்றுமில்லை, மாடியே ஏறாத உடம்பு என்றார். "ஏறினா துடிப்பு கூடணும், நின்னா குறையணும். தினம் நடக்கிறவங்களுக்குச் சீக்கிரம் குறையும், சும்மா இருக்கும்போதும் மெதுவாத்தான் துடிக்கும்."

"அப்போ மிச்சம் பிடிக்கிறது நடக்கிறவன்தானா?" என்றார் டக்ளஸ். பதிலுக்குக் காத்திருக்காமல் தன் கயிற்றை அவிழ்த்துக் குப்பைக்கூடையில் போட்டார். "வா, கேட் வரைக்கும் நடந்தே போவோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாதி வழி போயிருப்போம், பின்னால் தடதடவென்று சத்தம். தேஜஸ்வினி ஓடி வந்தாள், அவள் பின்னால் பாதிக் கூட்டம்.

"காகூ, உங்களுக்கு 84 வரைக்கும் இறங்கிச்சே, அந்தச் சணல் எந்தக் கடையில கிடைக்கும்?"

"சணலை விடும்மா. கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அதுக்குக் கொஞ்சம் வேலை குடுங்க. அது செலவழிச்சாத் தீராது."