மூட்டைத் தராசில் ஏறிய வடை டாக்டர்

கொழுப்பைத் தடுக்கும் மூலிகை மாத்திரை என்று சொல்லி விற்றீர்களே முதலாளி, நீங்கள் ஊரை ஏமாற்றினீர்கள். அதில் உடம்பு இளைக்கும் என்பதற்கு உங்கள் கையில் எந்த ஆதாரமும் இல்லை. விற்பதற்கு முன்பே அது உங்களுக்குத் தெரியும். அதை உங்களிடம் சொன்னவர் எங்கள் வடை டாக்டர்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆசிட்டோடு குடித்தனம் நடத்துகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வடை டாக்டரைப் போல பயமில்லாத ஆளை இந்த ஜில்லாவே பார்த்ததில்லை. இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் எங்கள் மூலிகைக் கம்பெனியில் அவர் லேப், நான் பேக்கிங். கேன்டீன் வடையைக்கூட அரைத்துச் சோதிப்பார். அதனால் அந்தப் பெயர்.

ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு இரண்டு கண்ணாடிக் குழாய்களைக் காட்டினார். இரண்டிலும் எண்ணெய் கலந்த ரோஸ் நிறத் தண்ணீர். கொழுப்பைச் செரிக்க வைக்கும் பொடியை இரண்டிலும் போட்டார். ஒன்றில் நிறம் வெளுத்துப்போனது. கொழுப்பு உடைந்துவிட்டதாம். நம் மாத்திரைக்கான இலைச்சாறு விட்ட இன்னொன்றில் நிறம் அப்படியே நின்றது. உடையாத கொழுப்பு உடம்பில் ஒட்டாது, வெளியே போய்விடும் என்றார். ஒரு இலைக்கு இவ்வளவு சக்தியா என்று வாயைப் பிளந்தோம்.

அவர் மட்டும் பிளக்கவில்லை. "இது குழா நைனா. வவுறு இன்னா சொல்லுதுன்னு கேக்கணும்."

கேட்டார். தினமும் சாற்றைக் குடித்துவிட்டு வடையைத் தின்றார். காலையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். வாட்ச்மேன் சரக்கு நோட்டில் கடுக்காய் மூட்டைக்கும் நெல்லிக்காய் மூட்டைக்கும் நடுவில் 'வடை டாக்டர், 92 கிலோ' என்று எழுதினார். இரண்டு மாதத்தில் அது 96 ஆனது. சாறுதான் தடுக்கிறதே என்ற தைரியத்தில் இரண்டு வடை ஆறாகியிருந்தது. அந்தத் தப்பையும் மறைக்காமல் எழுதிவைத்தார். மறுபடி இரண்டே வடையோடு ஒரு மாதம். ஒரு கிலோகூட இறங்கவில்லை.

நீங்கள் ரிப்போர்ட்டோடு வந்தீர்கள். அதில் குழாய்க் கதை மட்டும் இருந்தது. கையெழுத்துப் போடு, இல்லையென்றால் நாளையிலிருந்து வராதே என்றீர்கள். மூட்டை நிறுக்கிற தராசை நம்பி மனிதனை எடை பார்ப்பாயா என்று கேலியும் செய்தீர்கள். டாக்டருக்குத் திருநின்றவூரில் வீடு பாதிச் சுவரோடு நின்றது. கூரை போட அந்தச் சம்பளம்தான் வழி.

அவர் நிதானமாகச் சொன்னார்: "அதே தராசுலதான சார் நீங்க சரக்கு வாங்கறீங்க. குழால தடுத்துச்சு, என் வவுத்துல தடுக்கல. ரெண்டையும் எழுதுங்க, போட்டுத் தர்றேன்."

நீங்கள் எழுதவில்லை. அவர் போடவில்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு, ஷிப்டு முடிந்து போகிறவர் மாதிரி ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தார்.

வேறு ஒருவர் கையெழுத்துப் போட்டார். மாத்திரையை டப்பாவில் அடைத்தது நான். தலை நிமிராமல் அடைத்தேன். அந்த வெட்கத்தோடுதான் இதைக் கேட்கிறேன் முதலாளி. 'மனிதர்களிடம் சோதித்தது' என்று டப்பாவில் அச்சடித்தீர்களே, என் வடை டாக்டரைத் தவிர வேறு எந்த மனிதரைச் சோதித்தீர்கள்? இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.