அம்மன் கேட்ட கருவாட்டுக் குழம்பு

ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, திருநீறு பூசி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, ஆதிகேசவன் ஒரு பொய் சொல்வதென்று முடிவு செய்தான்.

அவசரப்பட்டு எடுத்த முடிவில்லை. பதினான்கு மாதம் யோசித்து எடுத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் அவன் கிரேன் ஓட்டுகிறவன். பழுக்கக் காய்ந்த இரும்பை அந்தரத்தில் தூக்கிப் போய், ஒரு விரற்கடை பிசகாமல் இறக்கி வைப்பான். மில்லில் அவன் கை அசைந்தால் பத்து டன் அசையும். வீட்டிலோ ஒரு குழம்புச் சட்டியை அடுப்பில் ஏற்ற அவனால் முடியவில்லை.

காரணம் கிச்சன். பதினான்கு மாதத்துக்கு முன் அவன் மனைவி கன்னியம்மா வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போட்டாள். வெள்ளை வெளேரென்று அலமாரி. லேசாகத் தள்ளினால் தானே மூடிக்கொள்ளும் இழுப்பறை. மேலே புகையை உறிஞ்ச ஒரு சிம்னி. புதுவீட்டுக்குக் குடிபோகிற மாதிரி நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினாள். பால் பொங்கியதும் சட்டம் போட்டாள்.

"இனிமே இந்த ஊட்டுக்குள்ள கருவாடு வரக்கூடாது. அந்த நாத்தம் அலமாரிக்குள்ள பூந்துக்கினா ஏழு ஜென்மத்துக்கும் போவாது."

"அப்போ சிம்னி இன்னாத்துக்கு?"

"சிம்னியே நாறிப்போச்சின்னா, அதுக்கு மேல ஒரு சிம்னி போடுவியா?"

அன்றிலிருந்து வீட்டில் சாம்பார், ரசம், மறுநாள் ரசம், சாம்பார்.

கருவாடு இல்லாத வாழ்க்கை எல்லோருக்கும் கஷ்டம்தான். ஆனால் ஆதிகேசவனுக்கு அது குலத்துக்கே வந்த இழுக்கு. எளாவூர்ப் பக்கம் அவன் பங்காளிகள் பதினோரு குடும்பம். பாதிப் பேருக்குப் பாதிப் பேரோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவர்கள் எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒரே விஷயம் தங்கள் வம்சத்துக் கருவாட்டுக் குழம்பு. வாளைக் கருவாட்டை அரிசி களைந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மொச்சையும் கத்தரிக்காயும் வெந்து, புளி சுண்டி, நல்லெண்ணெய் மேலே மிதந்து வரும்போது நாலு துண்டு மாங்காய். கடைசியில்தான் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் கரைந்துவிடும். அப்புறம் அது வேறு யார் வீட்டுக் குழம்போ ஆகிவிடும். கல்யாணமான புதிதில் மாமியாரிடம் இதைக் கற்றுக்கொண்ட கன்னியம்மா, மாமியாரைவிட நன்றாகவே வைத்தாள். இதை ஆதிகேசவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உயிர்மேல் ஆசை இருக்கிறதே.

போதாக்குறைக்கு எதிர்வீட்டு ஹெலன். பழவேற்காட்டிலிருந்து கருவாட்டுக்கார அம்மா கூடையோடு வருவது புதன்கிழமை. ஹெலன் வீட்டில் குழம்பு கொதிப்பதும் புதன்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு அவன் தெருவில் நுழையும்போது வாசனை வந்து மூக்கைப் பிடித்து இழுக்கும். ஹெலன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, டயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பான். பதினான்கு மாதமாகப் புதன்கிழமை தவறாமல் பார்த்தான். போய் ஒரு வாய் கேட்டிருக்கலாம். ஆனால் எதிர்வீட்டில் சோறு கேட்டான் என்று கன்னியம்மா காதில் விழுந்தால், அப்புறம் அந்த ரசமும் கிடைக்காது.

அதனால்தான் பொய்.

"கன்னிமா, காலங்காத்தால ஒரு கனவு."

கன்னியம்மா இழுப்பறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னா கனவு?"

"ஆத்தா வந்தா. நம்ம தெருக்கோடி பொன்னியம்மன். வந்து, ஏண்டா ஆதி, உங்க வம்சத்துல ஆடிக்கு ஆடி எனக்குக் கூழ் ஊத்துவீங்களே, மறந்துட்டியான்னு கேட்டா."

துடைத்த கை நின்றது. "இன்னா கலர் பொடவ?"

"பச்சை."

"கூழு மட்டுமா கேட்டா?"

"கூழுக்குத் தொட்டுக்க இன்னான்னு நானே கேட்டேன். கருவாட்டுக் கொழம்புன்னு சொல்ட்டா."

"இன்னா கருவாடு?"

"வாளை."

"மொச்ச போடச் சொன்னாளா?"

"மொச்சையும் கத்திரிக்காயும்."

"மாங்கா?"

"கடசியில."

கன்னியம்மா அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்கூட லேசாகக் கலங்கியது.

"ஆத்தாவே கேட்டப்புறம் நாம இன்னா சொல்றது? செஞ்சிடலாம்."

ஆதிகேசவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு சுலபமா? பதினான்கு மாதத்தை வீணாக்கிவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. அன்று மில்லில் இரும்புக்கட்டி ஒவ்வொன்றும் அவன் கண்ணுக்கு வாளைத் துண்டாகத் தெரிந்தது.

ஷிப்ட் முடிந்து வீடு திரும்பினால் கூடத்தில் பூசாரி முனுசாமி உட்கார்ந்திருந்தார். கையில் மஞ்சள் கயிறு.

"ஆத்தா யார் கனவுல வந்தாளோ அவங்கதான் காப்புக் கட்டணும்" என்றார் முனுசாமி. "ஞாயித்துக்கெழம காப்பு. அடுத்த ஞாயித்துக்கெழம கூழு. நடுவுல ஏழு நாளு ஒருவேளச் சோறு. கவுச்சி கூடாது. கட்டில் கூடாது, பாயிதான். செருப்புக் கூடாது."

"பூசாரி, மில்லுல சேப்டி ஷூ இல்லாம கேட்டுக்குள்ள வுட மாட்டான்."

முனுசாமி கண்ணை மூடி யோசித்தார். "கேட்டுக்குள்ள போட்டுக்க. கேட்டு வரிக்கும் வெறுங்காலு."

"அப்புறம் மடிப்பிச்ச" என்று எடுத்துக் கொடுத்தாள் கன்னியம்மா.

"ஆங், மடிப்பிச்ச. ஆத்தாவுக்கு ஊத்துற கூழு கடையில வாங்குன மாவுல காச்சக்கூடாது. மஞ்ச வேட்டி கட்டிக்கினு, இருவத்தோரு ஊட்டு வாசல்ல நின்னு, மடியேந்திக் கேவுரு வாங்கணும்."

ஆதிகேசவன் மனைவியைப் பார்த்தான். அவள் பக்தியோடு கயிற்றுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். இப்போது கனவு பொய் என்று சொன்னால், கிச்சன் மட்டும் இல்லை, வீட்டு வாசலே அடைபட்டுவிடும். ஏழு நாள்தானே, எட்டாம் நாள் குழம்பு என்று மனதைத் தேற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காப்புக்குக் கையை நீட்டினான்.

ஏழு நாள் என்பது எவ்வளவு நீளம் என்பது வெறுங்காலில் சிப்காட் ரோட்டில் நடந்தால்தான் தெரியும். லாரி கொட்டிய ஜல்லி, இரும்புத் தூள், ஆடி வெயில். போன வருஷம் கிரேன் ஏணியிலிருந்து தவறி விழுந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தானே, அந்த இடது கால் ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாகக் குரல் கொடுத்தது.

மடிப்பிச்சைக்குப் புதன்கிழமை சாயங்காலம் என்று கன்னியம்மாவே நாள் குறித்தாள். ஷிப்ட் முடிந்து வந்தவனுக்கு மஞ்சள் வேட்டி கட்டி, இடுப்பில் வேப்பிலை செருகி அனுப்பினாள். "நான் கூட வந்தா பலன் பாதியா பூடும்" என்று வாசலோடு நின்றுகொண்டாள்.

"ஆத்தாவுக்குக் கூழு ஊத்தணும், கேவுரு போடுங்க தாயே."

முதல் வீட்டில் குரலே வரவில்லை. நான்காவது வீட்டில் வந்தது. ஒன்பதாவது வீட்டில், மில் சூப்பர்வைசர் சாம்சன் கதவைத் திறந்தபோது மறுபடியும் போய்விட்டது.

சாம்சன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். "ஆதி, சம்பளம் ஒண்ணாந்தேதியே போட்டாச்சே?"

"சார், இது வேண்டுதல்."

"நான் சர்ச்சுக்குப் போறவன்ப்பா. நான் போட்டா ஆத்தா ஏத்துக்குவாளா?"

"ஏத்துக்குவா சார். அப்படியே வர்ற ஞாயித்துக்கெழம ஒருநாள் லீவும் போட்டீங்கன்னா..."

சாம்சன் உள்ளே போய் ஒரு படி கேழ்வரகு கொண்டுவந்து மடியில் கொட்டினார். அது சுலபமாக வந்தது. லீவுதான் விலை பேசிக்கொண்டு வந்தது. "ஞாயித்துக்கெழம எடுத்துக்க. அதுக்குப் பதிலு புதங்கெழமதோறும் ரெண்டாவது ஷிப்டுக்கு எனக்கு ஆள் இல்ல. தீபாவளி வரிக்கும் நீ டபுள் டூட்டி பாத்துரு. காலைல ஆறுலேருந்து ராத்திரி பத்து."

மடியில் கேழ்வரகை ஏந்திக்கொண்டு நிற்கிறவன் என்ன பேரம் பேசுவான்? சரி என்றான்.

இருபத்தோராவது வீடு ஹெலன் வீடு. காலையில் வைத்த குழம்பின் வாசனை வாசல்வரை நின்றிருந்தது. குழாயடியில் இரண்டு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. ஹெலன் வீட்டுக்காரன் லாரி டிரைவர். நேற்றுத்தான் கல்கத்தாவுக்கு வண்டி எடுத்திருந்தான். பசியில் இருக்கிறவன் தட்டை எண்ணிக்கொண்டிருப்பானா? ஆதிகேசவன் எண்ணவில்லை.

"பாவம்ண்ணா நீங்க" என்று ஹெலன் கேழ்வரகைப் போட்டாள். "அக்கா உங்களைப் பத்தித்தான் மத்தியானம் பூரா..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஆத்தா குடுத்து வெச்சவ" என்று முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயில் வாசலில் கல்லடுப்பு கூட்டி, பெரிய அண்டாவில் குழம்பு வைத்தாள் கன்னியம்மா. அவளுடைய கிச்சன் தெருவின் மறுகோடியில், வெள்ளை வெளேரென்று பூட்டிக் கிடந்தது. வாளை ஊறியது. மொச்சை வெந்தது. எண்ணெய் மிதந்தது. அவன் கண்ணெதிரே நாலு துண்டுக்குப் பதில் நாற்பது மாங்காய்த் துண்டு கடைசியில் விழுந்தது. ஆதிகேசவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

படையல் முடிந்ததும் முதல் ஆளாகச் சொம்பை நீட்டினான். முனுசாமி அதை வாங்கி, அதற்குப் பதில் அவன் கையில் ஒரு அகப்பையைக் கொடுத்தார்.

"நேந்துக்கினவன் கையாலதான் ஊத்தணும். கொழம்பும் நீதான் ஊத்தணும்."

"ஊத்திட்டு நான் குடிக்கலாமா?"

"கூழு குடிக்கலாம், மோர் ஊத்தி. கொழம்பு எப்படி? கையில காப்பு கீதே. சாயங்காலம் ஆத்தா முன்னாடி சோத்தைக் குவிச்சிக் கும்பம் போட்டப்புறந்தான் காப்பு அவுக்கணும். அது வரிக்கும் கவுச்சி கூடாது."

சிப்காட்டே வந்துவிட்டது போல் வரிசை. ஷிப்ட் முடிந்தவன், ஷிப்டுக்குப் போகிறவன், எளாவூரிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள், தூக்குவாளியோடு சாம்சன். ஒவ்வொருவனும் நக்கிக்கொண்டே, "ஆதி, இது கொழம்பு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வரிசையில் நின்றான். ஆதிகேசவன் அகப்பையைக் குறைவாக மொண்டு பார்த்தான். கன்னியம்மா பக்கத்தில் நின்று, "நெறைய ஊத்துய்யா, ஆத்தா பாத்துக்கினு கீறா" என்றாள். மூன்று மணிக்கு அகப்பை அண்டாவின் அடியில் டங்கென்று தட்டியது. அந்தச் சத்தம் அவன் நெஞ்சில் கேட்டது.

சாயங்காலம் காப்பு அவிழ்த்தார்கள். ஆளுக்கொரு பக்கம் காலி அண்டாவைப் பிடித்துக்கொண்டு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அவன் மோந்து பார்த்தான். சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாள்.

"நல்லா நடந்துச்சி" என்றாள் கன்னியம்மா. "அடுத்த வருசமும் ஆத்தா உன் கனவுல வருவாளா?"

அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை. "கன்னிமா, கனவும் இல்ல ஒண்ணும் இல்ல. கருவாடு துன்னணும்னு ஆசையில பொய் சொல்ட்டேன்."

"தெரியும்."

"எப்போ?"

"அன்னைக்கே. ஆத்தா வந்து கூழு கேப்பா. மாங்காயக் கடசியில போடுன்னா கேப்பா? அது உங்கம்மா சொல்றது."

அவன் நின்றான். அண்டாவும் நின்றது. "தெரிஞ்சிக்கினே ஏன் என்னை ஏழு நாளு வெறுங்கால்ல அலைய வுட்டே?"

கன்னியம்மா அண்டாவைக் கீழே வைத்தாள். "போன வருசம் ஏணிலேருந்து வுயுந்து ஆஸ்பத்திரில கெடந்தே இல்ல? அப்போ நான் ஆத்தாவாண்ட வேண்டிக்கினேன். நீ எய்ந்து நடந்தா, காப்புக் கட்டி, இருவத்தோரு ஊட்ல பிச்சை எடுத்து, கூழு ஊத்துறேன்னு. நீ நடந்துட்டே. எனக்குத்தான் இந்த வெயில்ல எப்படிடா வெறுங்கால்ல நடக்கறதுன்னு ஒரே பேஜாரா இருந்துச்சி. நீயே வந்து மாட்டுனே. புருசன் செஞ்சாலும் செல்லும்னு பூசாரி சொல்ட்டாரு."

ஆதிகேசவனுக்குக் கோபப்படுவதா, உருகுவதா என்று தெரியவில்லை. தனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்பதில் மனசு உருகியது. அந்த நேர்த்திக்கடனை அவன் காலைக் கொண்டே அடைத்திருக்கிறாள் என்பதில் உருகியது மறுபடி உறைந்தது.

"உனக்குக் கருவாடே புடிக்காதுன்னு இல்ல நெனச்சேன்?"

"யாரு சொன்னது? என் கிச்சன்லதான் வேணாம்னேன். புதங்கெழம புதங்கெழம நான் வாங்கிக் குடுத்து, ஹெலன் ஊட்ல வெச்சி, ரெண்டு பேரும் துன்னுக்கினுதான கீறோம்."

"எத்தினி நாளா?"

"கிச்சன் போட்டதுலேருந்து."

குழாயடியில் கவிழ்த்திருந்த இரண்டாவது தட்டு இப்போதுதான் அவன் கணக்கில் வந்தது. அவன் டயரை அமுக்கிக்கொண்டு நின்ற பதினான்கு மாதமும் குழம்பு அவன் வீட்டுக் குழம்பு. வைத்தது அவன் பெண்டாட்டி.

அவன் முகத்தைப் பார்த்துக் கன்னியம்மாவுக்கே மனசு இளகிவிட்டது. "சரி வுடு. வர்ற புதங்கெழம ஷிப்டு முடிஞ்சி நேரா அங்க வந்துரு. மூணாவது தட்டு வெக்கச் சொல்றேன்."

ஆதிகேசவனுக்கு உயிர் வந்தது. அண்டாவைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வேகமாக வைத்தான். ஐந்தாவது எட்டில் சாம்சன் நினைவுக்கு வந்தார்.

"தீபாவளி வரிக்கும் புதங்கெழம எனக்கு டபுள் டூட்டி. பத்து மணிக்குத்தான் வருவேன்."

"ஐயோ. ஹெலன் சாயங்காலமே பூட்டிக்கினு ஜெபத்துக்குப் பூடுவாளே."

"ஒரு கிண்ணத்துல எனக்குன்னு எடுத்து வெச்சிரு கன்னிமா. வந்து துன்னுக்கறேன்."

கன்னியம்மா புரியாமல் அவனைப் பார்த்தாள்.

"எங்க எடுத்து வெக்கறது, நம்ம கிச்சன்லயா?"